வியாபாரி என்ற பட்டமும் சாரதியின் கணக்கேடும்

நாட்டு வரலாற்றைப் போர்களிலும் முடிசூட்டு விழாக்களிலும் தேடுவோர் வரிச் சட்டங்களைப் புரட்டிப் பார்ப்பது அரிது. அவை வறண்டவை, வழக்கறிஞர்க்கும் கணக்காளர்க்கும் மட்டுமே உரியவை என்று ஒதுக்கிவிடுகின்றனர். ஆயினும், அரசு எந்த வர்க்கத்தை எப்பெயரிட்டு அழைக்கிறது, யாரிடம் எப்போது எவ்வளவு கேட்கிறது, யாருடைய வாக்கை நம்புகிறது, யாருடைய வாக்கை நம்ப மறுக்கிறது என்பனவெல்லாம் அச்சட்டங்களிலேதான் மிகத் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. உழைக்கும் மக்களின் வரலாற்றை அறிய விரும்பும் நாம் அந்த ஏடுகளையும் திறந்து பார்க்கவேண்டும்.

இன்று இலண்டன் நகரத் தெருக்களில் உணவகங்களிலிருந்து வீடுகளுக்கு உணவுப் பொதிகளைக் கொண்டு செல்லும் சாரதியை எடுத்துக்கொள்வோம். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ சிறிய காரிலோ அவன் ஓடித் திரிகிறான். எந்த உணவகத்துக்குச் செல்வது, எந்த வீட்டில் ஒப்படைப்பது, அதற்கு எத்தனை பவுண் என்பவற்றைக் கம்பனி கைத்தொலைபேசி மூலம் அவனுக்கு அறிவிக்கிறது. உணவு வாங்குபவனிடம் விலை பேசும் உரிமை அவனுக்கில்லை. வாடிக்கையாளர் யாவரும் கம்பனியின் வாடிக்கையாளரே. இருந்தும், பிரித்தானிய வரிச் சட்டத்தின் கண்ணுக்கு அவன் கூலியாள் அல்லன். சுயதொழில் நடத்தும் ஒரு வியாபாரி. ஆகவே வியாபாரிக்குரிய கடமைகள் யாவும் அவனுக்குண்டு. வரவு செலவுகளைக் கணக்கேட்டில் பதியவேண்டும். செலவைக் கழித்து இலாபத்தைக் காணவேண்டும். தன் வரியைத் தானே மதிப்பிட்டுத் தானே செலுத்தவேண்டும். தவறினால் தண்டம் உண்டு. இந்த வியாபாரிப் பட்டம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? அதனால் ஆதாயம் அடைவோர் யார்? இக்கேள்விகளுக்கு விடை காண நாம் 200 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்லவேண்டியிருக்கிறது.

புரட்சி பிரான்சுக்கெதிராகப் போர் நடத்தப் பணம் போதாதபோது, பிரதமர் வில்லியம் பிட் 1799ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் முதலாவது வருமான வரியை விதித்தார். ஆண்டுக்கு 60 பவுணுக்குக் குறைந்த வருமானமுடையோர் விலக்கப்பட்டனர். 200 பவுணுக்கு மேற்பட்டோர் பத்திலொரு பங்கைக் கட்டவேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் மொத்த வருமானத்தைத் தாமே எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு கோடிப் பவுண் வருமென எதிர்பார்த்த அரசுக்கு ஏறத்தாழ 60 இலட்சம் பவுணே கிடைத்தது. சொத்துடையோரின் வாக்குக்கு எவ்வளவு பெறுமதி உண்டு என்பதை அரசு விரைவிலேயே கற்றுக்கொண்டது.

1802இல் சமாதானம் ஏற்பட்டதும் அவ்வரி நீக்கப்பட்டது. மறு ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது பிரதமர் அடிங்டன் அதனைப் புதிய வடிவில் கொண்டுவந்தார். வருமானத்தை அவர் ஐந்து அட்டவணைகளாகப் பிரித்தார். நிலத்தினதும் கட்டடத்தினதும் வருமானம் 'ஏ'. நிலத்தைப் பயிரிடுவதால் வரும் ஆதாயம் 'பி'. அரச கடன்களின் வட்டி 'சி'. வணிகம், உயர்தொழில் முதலியவற்றின் இலாபம் 'டி'. அரச பதவிகளின் சம்பளமும் ஓய்வூதியமும் 'ஈ'. இப்பிரிவினையின் சூட்சுமம் ஒன்றுண்டு. இயன்ற இடங்களிலெல்லாம், வருமானம் அதற்குரியவன் கையை அடையுமுன்பே, அதைக் கொடுப்பவனைக்கொண்டு வரியைக் கழித்துவிடுவது என்பதே அது. குடியிருப்பவன் வரியைக் கட்டி, அத்தொகையைக் கழித்துக்கொண்டு மிகுதி வாடகையையே நிலச்சொந்தக்காரனிடம் கொடுத்தான். உத்தியோகத்தனின் சம்பளமும் இவ்வாறே கழிக்கப்பட்டது. வரி வீதம் பிட் விதித்ததில் பாதியே. ஆயினும் வருவாய் அந்த அளவுக்குக் குறையவில்லை.

ஆனால் 'டி' அட்டவணையில் இந்த உபாயம் பலிக்கவில்லை. வணிகனுக்கு அவன் இலாபத்தைக் கொடுப்பவன் என்று தனியொருவன் இல்லை. அவன் நூறு பேரிடம் வாங்கி ஆயிரம் பேருக்கு விற்கிறான். எது செலவு, எது இலாபம் என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே. ஆகவே அவனுடைய கணக்கை ஏற்பதன்றி அரசுக்கு வேறு வழியிருக்கவில்லை. அன்று தொட்டு வரி செலுத்துவோர் இரு வகுப்பினராயினர். கொடுப்பவன் கழித்துக் கொடுக்க மிகுதியைப் பெறுபவன் ஒரு வகுப்பு. முழுவதையும் பெற்று, செலவைத் தானே கழித்து, பின்னர் வரி கட்டுபவன் மறு வகுப்பு. இந்தப் பிரிவினை மனிதனின் சுதந்திரத்தை அளந்து செய்யப்பட்டதன்று. வரியை எங்கே இலகுவாகப் பிடிக்கலாம் என்பதை அளந்து செய்யப்பட்டது. இதனை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

வாட்டர்லூப் போர் முடிந்த மறு ஆண்டு, 1816இல், பாராளுமன்றம் அவ்வரியை நீக்கியதோடு அதன் பதிவேடுகளையும் அழிக்குமாறு கட்டளையிட்டது. தமது கணக்கை அரசு அறிந்திருப்பதே சொத்துடையோருக்குச் சகிக்க முடியாததாயிருந்தது போலும். 1842இல் ரொபேட் பீல் வரியை மீண்டும் கொண்டுவந்தார். 150 பவுணுக்கு மேற்பட்ட வருமானத்தில் பவுணுக்கு 7 பென்ஸ். கிழமைக்குச் சில சிலிங்குகளே கூலி பெற்ற ஆலைத் தொழிலாளிக்கும் வயல் தொழிலாளிக்கும் இந்த எல்லை எட்டாத தூரத்தில் இருந்தது. பொருள்கள்மீது விதிக்கப்பட்ட மறைமுக வரிகளை அவர்கள் செலுத்தினார்களேயன்றி வருமான வரி அவர்களைத் தீண்டவில்லை. அன்றைய நிலையில், தொழிலாளி எந்த அட்டவணையைச் சேர்ந்தவன் என்று கேட்பதற்கே தேவை எழவில்லை.

யார் வேலைக்காரன், யார் தனித்து நிற்பவன் என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழுந்தபோதும் அது தொழிலாளியின் நலன் கருதி எழவில்லை. 1880ஆம் ஆண்டின் புகழ்பெற்ற வழக்கொன்று வீட்டு வரி பற்றியது. வர்த்தக நிலையமொன்றில் வசித்த எழுதுவினைஞர் 'வேலைக்காரர்' ஆயின் அக்கட்டடத்துக்கு வரிவிலக்கு உண்டு, அன்றேல் இல்லை. எவ்வேலையை எப்படிச் செய்வது என்று எசமானனின் கட்டளைக்குக் கட்டுப்பட்டவனே வேலைக்காரன் என்று நீதிபதிகள் இலக்கணம் வகுத்தனர். அந்த எழுதுவினைஞர் அவ்விலக்கணத்துக்குள் அடங்கவில்லை. தொழிற்சட்டத்தில் பல தசாப்தங்களாக ஆட்சி செலுத்திய 'கட்டுப்பாட்டு அளவுகோல்' ஒரு வரி வழக்கின் குழந்தை என்பது சிந்தனைக்குரியது.

தனியார் நிறுவன ஊழியரின் சம்பளம் நெடுங்காலம் 'டி' அட்டவணையிலேயே கிடந்தது. 1922ஆம் ஆண்டின் நிதிச் சட்டமே அதனை 'ஈ' அட்டவணைக்கு மாற்றியது. இம்மாற்றம் சிறிதன்று. 'டி'யில் உள்ள வணிகன், தொழிலுக்காக முற்றாகவும் பிரத்தியேகமாகவும் செய்த செலவைக் கழிக்கலாம். 'ஈ'யில் உள்ள ஊழியனோ, அச்செலவு தன் கடமையைச் செய்கையில் அவசியமாகவும் ஏற்பட்டது என்று நிரூபிக்கவேண்டும். அவனுக்கென விதந்து கூறப்பட்ட செலவுகளுள் ஒன்று, கடமை நிமித்தம் குதிரை வைத்துப் பராமரிக்கும் செலவு! 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இக்குதிரை, மோட்டார் வாகனங்கள் வீதிகளை நிறைத்த பின்னரும், 1952ஆம் ஆண்டின் சட்டத்திலும் 1988ஆம் ஆண்டின் சட்டத்திலும் உயிரோடிருந்தது. வாழ்க்கை மாறிய வேகத்தில் வரிச் சட்டம் மாறவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இரு உலகப் போர்கள் தொழிலாளியை வருமான வரிக்குள் இழுத்து வந்தன. 1915இல் விலக்கெல்லை 130 பவுணாகக் குறைக்கப்பட்டது. உடலுழைப்பாளிகளுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மதிப்பீடு செய்யும் முறை வந்தது. இரண்டாவது உலகப் போருக்கு முன்னர் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் செலுத்திய வருமான வரியைப் போரின் இறுதியில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் செலுத்தினர். கிழமைக் கூலி பெறுபவனிடம் ஆண்டு முடிவில் சென்று மொத்தமாகக் கேட்டால் அவன் எங்கே போவான்? ஆகவே 1944 ஏப்ரல் 6ஆம் திகதி 'உழைக்கும்போதே செலுத்து' என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கூலி நாளிலும் முதலாளியே வரியைக் கணித்துக் கழித்து அரசிடம் ஒப்படைக்கவேண்டும். இதனை வகுத்தவர்களுள் முதன்மையானவர் போல் சேம்பர்ஸ். 1937 முதல் 1940 வரை இந்திய அரசின் வருமான வரி ஆலோசகராயிருந்த இவர், பின்னர் ஐ.சி.ஐ. என்னும் மாபெரும் இரசாயனக் கம்பனியின் தலைவரானார்.

இம்முறையால் அரசுக்கு வரி நிச்சயமாயிற்று. அதே வேளை தொழிலாளிக்கும் ஒரு நன்மை விளைந்தது. கணக்கெழுதும் வேலை முதலாளியின் அலுவலகத்துக்குப் போய்விட்டது. மாதச் சம்பளத்தில் கழிவுகள் போக மிகுதியைப் பெற்றுப் பழகிய ஆசிரியரான நம் வாசகர், அக்கழிவுகளைக் கண்டு பெருமூச்சு விடலாம். ஆனால் அக்கணக்கை அவர் இரவில் விழித்திருந்து எழுதவேண்டியதில்லை; ஆண்டு முடிவில் கையிலில்லாத பெருந்தொகையைத் தேடி அலையவேண்டியதுமில்லை. இந்த நிம்மதியின் பெறுமதி அதனை இழந்தவனுக்கே தெரியும். பிரித்தானிய ஆட்சி 1932ஆம் ஆண்டின் வருமான வரிக் கட்டளைச் சட்டத்தின் மூலம் இதே மரபை இலங்கைக்கும் கொண்டுவந்தது. ஆதலால் நாம் கூறிவரும் வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

வரியோடு இன்னொரு கழிவும் சேர்ந்து நடந்தது. 1911ஆம் ஆண்டில் லொயிட் ஜோர்ஜ் கொண்டுவந்த தேசிய காப்புறுதித் திட்டத்தில், நோய்க் காப்புறுதிக்காக ஆண் தொழிலாளி 4 பென்ஸும், முதலாளி 3 பென்ஸும், அரசு 2 பென்ஸும் கிழமைதோறும் செலுத்தவேண்டியிருந்தது. போருக்குப் பின், 1948 ஜூலை 5ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்த தேசிய காப்புறுதிச் சட்டம் மக்களை ஊழியர், சுயதொழிலாளர், தொழிலற்றோர் என மூன்று வகுப்புகளாக்கியது. ஊழியனுக்காக முதலாளியும் பங்கு செலுத்தவேண்டும். சுயதொழிலாளனுக்காக எவரும் செலுத்தவேண்டியதில்லை. அவனுக்கு வேலையில்லாக் காலப் பணமும் இல்லை. இப்பொழுது முதலாளிக்கு ஓர் ஆசை பிறப்பது இயல்பே. நேற்றுவரை தன் ஊழியனாயிருந்தவனை இன்று 'சுயதொழிலாளன்' என்று அழைத்துவிட்டால், பங்குப் பணமும் மிச்சம், கணக்கெழுதும் வேலையும் மிச்சம். வரியைப் பிடிக்கும் வசதிக்காகப் போடப்பட்ட கோடு, இவ்வாறு செலவைத் தட்டிக் கழிக்கும் வாசலாக மாறியது.

அவ்வாசல் வழியே முதலிற் சென்றவர்களுள் ஒருவன் பொருள் கொண்டு செல்லும் சாரதியே என்பது வியப்புக்குரியது. கலந்த கொங்கிரீட்டை விநியோகித்த ஒரு கம்பனி, தன் சாரதிகளோடு புதிய ஒப்பந்தம் செய்துகொண்டது. சாரதி தவணைக் கடனில் லொறியை வாங்கவேண்டும். அக்கடனைக் கொடுப்பது கம்பனியோடு தொடர்புடைய நிறுவனமே. லொறிக்குக் கம்பனியின் நிறத்தைப் பூசவேண்டும். கம்பனியின் சீருடையை அணியவேண்டும். கம்பனியின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படியவேண்டும். பழுது பார்க்கும் செலவு அவனுடையது. கூலியோ ஓடிய மைலுக்கு ஏற்ப. இவன் ஊழியனா, அன்றி வியாபாரியா? காப்புறுதிப் பங்கைத் தீர்மானிக்க எழுந்த இக்கேள்விக்கு 1967இன் இறுதியில் நீதிபதி மக்கென்னா விடையளித்தார்: லொறி அவனுடையது, நட்டமும் இலாபமும் அவனுடையன, தேவையாயின் பதிலாள் ஒருவனை அமர்த்தலாம், ஆகவே அவன் சுயேச்சை ஒப்பந்தகாரன். கடன்பட்டு வாங்கிய வாகனம் அவனை முதலாளி வர்க்கத்தின் படிக்கட்டில் ஏற்றிவிட்டதாம்! இன்றைய உணவுச் சாரதியின் ஒப்பந்தங்களுக்கு முன்மாதிரி இங்கே கிடக்கிறது.

இதே காலத்தில் கட்டடத் தொழிலில் 'லம்ப்' எனப்பட்ட முறை பரவியது. கொத்தனுக்கும் தச்சனுக்கும் மொத்தத் தொகை கொடுத்து, அவர்களைச் சுயதொழிலாளர் என்று எழுதிக்கொள்வதே அம்முறை. வரி கட்டாமல் மறைந்தோர் பலர். அரசு வாளாவிருக்கவில்லை. 1971ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், பதிவுச் சான்று இல்லாத துணை ஒப்பந்தகாரருக்குக் கொடுக்கும் பணத்தில் வரியைக் கழித்துக்கொள்ளுமாறு ஒப்பந்தகாரருக்குக் கட்டளையிட்டது. 1972இல் வேலைநிறுத்தம் செய்த கட்டடத் தொழிலாளர் 'லம்ப்' முறையையே ஒழிக்குமாறு கோரினர். அரசு வரியைக் காப்பாற்றிக்கொண்டது, முறையோ ஒழியவில்லை. இதிலிருந்து நாம் இரண்டு உண்மைகளைப் பெறுகிறோம். சுயதொழிலாளன் எனப்படுபவனுக்கும் கொடுப்பவனிடமே வரியைக் கழிக்க முடியும், அது இயலாததொன்றன்று. ஆனால் அவ்வாறு கழிப்பதனால் மட்டும் தொழிலாளிக்கு உரிமை கிடைத்துவிடாது. அரசின் பணப்பெட்டிக்கே காவல் கிடைக்கும்.

1996-97 வரியாண்டில் பிரித்தானியா சுயமதிப்பீட்டு முறைக்கு மாறியது. அதுவரை வரி அதிகாரி செய்துவந்த கணிப்பைச் சுயதொழிலாளனே செய்யும் பொறுப்பு வந்தது. 2003ஆம், 2005ஆம் ஆண்டுச் சட்டங்கள் 'டி', 'ஈ' என்ற பழைய எழுத்துகளை அகற்றின. எழுத்துகள் போயின, எல்லைக்கோடு போகவில்லை.

இந்தப் பின்னணியிலேதான் உணவு விநியோகக் கம்பனிகள் தோன்றின. டெலிவரூ 2013இல் இலண்டனில் ஆரம்பிக்கப்பட்டது. 2016 ஆகஸ்டில், மணிக்கு 7 பவுணும் ஒவ்வொரு விநியோகத்துக்கு 1 பவுணும் என்றிருந்த கூலியை நீக்கி, விநியோகத்துக்கு 3.75 பவுண் மட்டும் என்று மாற்ற முனைந்தபோது, இலண்டன் சாரதிகள் வீதிக்கு இறங்கி வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் கம்டன் பகுதிச் சாரதிகளின் சார்பில் தொழிற்சங்க அங்கீகாரம் கோரப்பட்டது. பதிலாள் ஒருவனை அனுப்பும் உரிமை ஒப்பந்தத்தில் உண்டு என்பதைக் காட்டி 2017இல் அக்கோரிக்கை மறுக்கப்பட்டது. 2023 நவம்பர் 21ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அம்முடிவை உறுதிசெய்தது. 1967இன் பதிலாள் 2023இலும் வந்து சாட்சி சொன்னான்.

இதற்கிடையே 2021 பெப்ரவரியில் அதே உச்ச நீதிமன்றம் ஊபர் வாடகைக் கார்ச் சாரதிகளைத் 'தொழிலாளர்' என்று ஏற்று, குறைந்தபட்சக் கூலிக்கும் சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கும் உரியவர்களாக்கியது. இது பெருவெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் தொழிற்சட்டத்தில் ஊழியன், தொழிலாளி, சுயதொழிலாளன் என மூன்று படிகள் உண்டு. வரிச் சட்டத்திலோ ஊழியன், சுயதொழிலாளன் என இரண்டே படிகள். நடுப்படியில் நிற்பவனுக்கு வரிச் சட்டத்தில் இடமில்லை. எனவே நீதிமன்றத்தில் தொழிலாளியாக வென்று வந்தவனும் வரிப் படிவத்தின்முன் வியாபாரியாகவே அமர்கிறான்.

அப்படிவத்தின்முன் நாமும் சற்று அமர்ந்து பார்ப்போம். 2025-26 வரியாண்டில் ஒரு சாரதி கம்பனியிடமிருந்து 24,000 பவுண் பெற்றான் என்று வைத்துக்கொள்வோம். தொழிலுக்காகத் தன் காரில் 10,000 மைல் ஓடினான். பெற்றோல், காப்புறுதி, பழுது எல்லாவற்றுக்கும் ஈடாக மைலுக்கு 45 பென்ஸ் கழிக்க விதி இடமளிக்கிறது; 10,000 மைலுக்கு மேல் 25 பென்ஸ். அவ்வாறு 4,500 பவுண் போகும். உணவுப்பெட்டி, கைத்தொலைபேசிச் செலவில் தொழிலுக்குரிய பங்கு முதலியன 500 பவுண் என்போம். இலாபம் 19,000 பவுண். தனியாள் விலக்கு 12,570 பவுண் போக மிகுதி 6,430. இதில் நூற்றுக்கு 20 வீதம் வருமான வரி 1,286 பவுண். நூற்றுக்கு 6 வீதம் காப்புறுதிப் பங்கு 385 பவுண் 80 பென்ஸ். மொத்தம் 1,671 பவுண் 80 பென்ஸ்.

அதே சாரதி மைல்களைக் குறித்துவைக்கவில்லை. பற்றுச்சீட்டுகளையும் பேணவில்லை எனின் என்னாகும்? கணக்கெதுவுமின்றிக் கழிக்கக்கூடிய 1,000 பவுண் சலுகையே அவனுக்கு மிஞ்சும். அப்போது செலுத்தவேண்டிய தொகை 2,711 பவுண் 80 பென்ஸ். ஒரு சிறு குறிப்பேடு இன்மையால் 1,040 பவுண் கூடுதலாகப் போகிறது. கம்பனி தரும் கணக்குச் சீட்டில் அவன் பெற்ற பணம் இருக்கும். ஒரு வீட்டில் ஒப்படைத்தபின் அடுத்த உணவகத்தை நோக்கி அவன் ஓடிய வெறும் மைல்களை அவனன்றி யார் குறித்துவைப்பார்?

எல்லாச் செலவையும் கழிக்கவும் இயலாது. போக்குவரத்துத் தண்டப் பணத்தைக் கழிக்க முடியாது. வேலையிடத்தில் தச்சர் ஒருவர் உண்ட பகலுணவுக்கான மேலதிகச் செலவைக் கழிக்க முடியாதென்று 1975இல் ஒரு வழக்கில் தீர்ப்பாயிற்று. மனிதன் வேலை செய்வதற்காக மட்டுமன்றி உயிர் வாழ்வதற்காகவும் உண்கிறான் என்பது காரணம். நாள் முழுவதும் பிறர் உணவைச் சுமந்து திரிபவன் தெருவோரத்தில் நின்று உண்ணும் உணவும் இவ்விதிக்கு உட்பட்டதே.

தொகையைவிடக் கொடியது அது வந்து சேரும் காலம். 2026 ஏப்ரல் 5இல் முடிந்த ஆண்டின் வரி 2027 ஜனவரி 31இல் செலுத்தப்படவேண்டும். வரி 1,000 பவுணுக்கு மேற்பட்டால், அடுத்த ஆண்டுக்கான முற்பணமாக அதன் பாதியையும் அதே நாளில் கட்டவேண்டும்; மறு பாதியை ஜூலை 31இல். எனவே முதன்முறை கட்டும் நம் சாரதி அந்த ஜனவரியில் 1,671 பவுணன்று, 2,507 பவுண் 70 பென்ஸ் கொண்டு செல்லவேண்டும். வரிப் படிவத்தை ஒரு நாள் பிந்திக் கொடுத்தாலும் 100 பவுண் தண்டம். முந்திய ஆண்டில் கிழமைதோறும் கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கு தன்னுடையதன்று என்பதை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்கமாட்டார்கள். 1944இல் கூலித் தொழிலாளிக்கு எந்த இடர் தீர்க்கப்பட்டதோ, அதே இடர் அவனுடைய பேரனுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

இனிக் கம்பனியின் கணக்கையும் பார்ப்போம். அந்த 24,000 பவுணையும் ஊழியனின் சம்பளமாகக் கொடுத்திருந்தால், 2025 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி 5,000 பவுணுக்கு மேற்பட்ட பகுதியில் நூற்றுக்கு 15 வீதம், அதாவது 2,850 பவுண், முதலாளியின் காப்புறுதிப் பங்காக அரசுக்குச் சென்றிருக்கும். வியாபாரி என்ற பட்டம் அத்தொகையை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. நோய்க்காலச் சம்பளம், விடுமுறைச் சம்பளம், கணக்கெழுதும் செலவு ஆகியவை வேறு. சாரதியின் தோளில் ஏறிய பாரம் எவர் தோளிலிருந்து இறங்கியது என்பது இதனால் விளங்கும்.

கணக்கை நிறுவ வேறு வழியில்லை, அதனாலேதான் வணிகன் தானே கணக்கிட விடப்பட்டான் என்று மேலே கண்டோம். அந்த நியாயம் இச்சாரதிக்குப் பொருந்துமா? அவன் ஆயிரம் பேருக்கு விற்பவனல்லன். அவனுக்குப் பணம் கொடுப்பது ஒரு கம்பனி, மிஞ்சினால் இரண்டு மூன்று கம்பனிகள். அவன் பெறும் ஒவ்வொரு பென்ஸும் அக்கம்பனியின் கணினியில் பதிவாகிறது. 2024 ஜனவரி முதல் இத்தகைய கம்பனிகள் அவ்விவரங்களைத் திரட்டி வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கவும் கடமைப்பட்டுள்ளன. கொடுப்பவனையும் அரசு அறியும். கொடுத்த தொகையையும் அறியும். அறிவிக்கக் கட்டளையிட்ட அரசு, கழித்துச் செலுத்தவும் பங்கு கொடுக்கவும் கட்டளையிடவில்லை. 2026 ஏப்ரல் முதல், செலவைக் கழிக்குமுன் 50,000 பவுணுக்கு மேல் வரவுடைய சுயதொழிலாளர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கணினி வழியே கணக்கு ஒப்படைக்கவேண்டும்; அந்த எல்லை 2027இல் 30,000 ஆகவும் 2028இல் 20,000 ஆகவும் இறங்குமெனத் திட்டமிடப்பட்டுள்ளது. இலாபம் 19,000 ஆயினும் வரவு 24,000 உடைய நம் சாரதியும் அவ்வலைக்குள் வருவான். அடிங்டன் காலத்து நியாயம் செத்துவிட்டது. அதன் விளைவு மட்டும் வாழ்கிறது.

வேண்டிய நேரத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தைச் சாரதிகள் பலர் விரும்புகின்றனர் என்று வாதிப்பவர்கள் உண்டு. அந்த விருப்பம் உண்மையே. ஆனால் நேரத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமைக்கும் முதலாளியின் பங்குப் பணத்தை இழப்பதற்கும் இயற்கையான தொடர்பு எதுவுமில்லை. அத்தொடர்பு சட்டத்தால் ஆக்கப்பட்டது, சட்டத்தால் நீக்கப்படவும் கூடியது. வேறு சிலர், ஏழையிடம் அரசுக்கு வரி எதற்கு, மறைப்பதே நியாயம் என்பர். இதையும் நாம் ஏற்பதற்கில்லை. மருத்துவமனையும் பாடசாலையும் அந்தப் பணத்தாலேயே நடக்கின்றன. அன்றியும், மறைப்பவன் அகப்பட்டால் வரியோடு வட்டியும் தண்டமும் சேரும். நிலையான வருமானத்தைக் காட்டி வீட்டுக் கடன் கேட்கவும் அவனால் இயலாது.

ஆகவே உடனடியாகச் செய்யவேண்டியது கணக்கேட்டைத் தற்காப்பு ஆயுதமாக்கிக்கொள்வதே. தொழில் தொடங்கிய வரியாண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 5க்குள் பதிவுசெய்தல். நாள்தோறும் மைலையும் செலவையும் குறித்தல். கிழமைதோறும் வரவில் ஒரு பங்கை வேறாக ஒதுக்குதல். வரிப் படிவத்துக்குரிய ஜனவரி 31இலிருந்து ஐந்தாண்டுகளுக்கு ஏடுகளைப் பேணுதல் ஆகியவை எவரும் கற்கக்கூடியவை. ஆங்கிலப் படிவத்தைக் கண்டு மலைக்கும் புதிய குடியேற்றவாசிக்கு இவற்றை அவன் மொழியிலே சொல்லிக் கொடுப்பது, கணக்கறிந்த ஆசிரியரும் மாணவரும் எங்கிருந்தாலும் செய்யக்கூடிய சமுதாயப் பணி. கொழும்பு வீதிகளிலும் இத்தகைய சாரதிகள் ஓடத் தொடங்கிவிட்ட இந்நாளில் அப்பணிக்கு இங்கும் தேவையுண்டு.

ஆனால் குறிப்பேடு தனியொருவனை இழப்பிலிருந்து காக்கும். எல்லைக்கோட்டை அது மாற்றாது. பணம் கொடுக்கும் கம்பனியே வரியைக் கணித்துக் கழிக்கவேண்டும், காப்புறுதியில் முதலாளிக்குரிய பங்கைச் செலுத்தவேண்டும், வரிச் சட்டமும் தொழிற்சட்டமும் உழைப்பாளியை ஒரே பெயரால் அழைக்கவேண்டும் என்னும் கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்கள் ஒன்றாக முன்வைக்கவேண்டும். கட்டடத் தொழிலாளரின் அனுபவம் காட்டுவதுபோல, இவற்றுள் முதலாவதை மட்டும் பெற்றால் ஆதாயம் அரசுக்கே. மூன்றும் சேர்ந்து நிறைவேறும் நாளிலேதான், கேளாமல் சூட்டப்பட்ட வியாபாரிப் பட்டத்தைச் சாரதி கழற்றி வைக்க முடியும்.